வாய்க்கு முந்திய பாட்டு

அன்று நீங்கள் பாடவில்லை. வாயை மட்டும் அசைத்தீர்கள்.

பாடியது டேப். இந்தக் காலத்தில் அதை டேப் என்று சொல்வார்களா, கம்ப்யூட்டர் என்று சொல்வார்களா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அது நீங்கள் இல்லை. தொண்டை உங்களுடையதுதான், ஆனால் வாலிப வயதில் எப்போதோ பிடித்து வைத்த தொண்டை. சென்னை மைதானத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளை முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு மேடையில் நின்ற மனிதர் பாடவில்லை.

வயதில் பெரியவர் என்பதால் நீங்கள் என்று எழுதுகிறேன். எதிரில் நின்றால் அப்படிப் பேசுவேனா என்று தெரியாது.

நான் காஞ்சிபுரத்தில் இருக்கிறேன். பட்டுப் புடவை முந்தானைக்குக் குச்சு கட்டுவது என் தொழில். பாட்டைப் பற்றிப் பேச உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. உங்கள் பாட்டில் ஒன்று மட்டும் தெரியும். அந்த ஒன்று உங்களுக்குத் தெரிவதைவிட எனக்கும் என் அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும். என் அண்ணன் மைக் செட் வைத்திருந்தவர். வைத்திருந்தவர் என்று எழுதும்படி ஆகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பாட்டு எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்கிறேன். அண்ணனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சென்னையில் பழைய சாமான் கடையில் ஒரு டேப் டெக் வாங்கி வந்தார். வீட்டில் வைத்து மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கேசட் மாட்டிக்கொண்டிருந்தது. அட்டை கிடையாது. மேலே ஒட்டியிருந்த காகிதம் கிழிந்திருந்தது. யார் பாட்டு, எந்த ஊர்ப் பாட்டு, ஒன்றும் தெரியாது. போட்டுப் பார்த்தார். முதலில் டிரம் மட்டும் அடித்தது. பிறகு ஒரு கிடார் சேர்ந்தது. பிறகு தரைக்கு அடியில் யாரோ தட்டுவது போல இன்னொரு கிடார். கடைசியில் நீங்கள் கத்தினீர்கள்.

எங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, யாரை வெட்டுகிறார்கள் என்று கேட்டாள்.

நாங்கள் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். செட் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது என்றார். ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக வந்து சேர்கிறது, கனமான சத்தம் சரியா, மெல்லிய சத்தம் சரியா, குரல் சரியா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றார். மைக் செட் வைத்திருக்கிற எல்லாரிடமும் சோதிப்பதற்கென்று ஒரு பாட்டு இருக்கும். பெரும்பாலும் பிள்ளையார் பாட்டு. எங்கள் அண்ணனிடம் நீங்கள் இருந்தீர்கள்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருக்களில், முசரவாக்கத்தில் காது குத்துக்கு, திருப்பருத்திக்குன்றத்தில் கல்யாணத்துக்கு, எங்கள் சர்ச் திருநாளுக்கு, எங்கே செட் கட்டினாலும் முதலில் உங்கள் பாட்டு. முழுவதும் இல்லை. டிரம் தொடங்கி நீங்கள் இரண்டு வரி கத்துகிற வரைக்கும்தான். அதற்குப் பிறகு அம்மன் பாட்டோ மாதா பாட்டோ போடுவார். நெசவுக்காரத் தெருவில் தறிச் சத்தத்தையும் மீறி அது கேட்கும். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார்.

"வெள்ளக்காரன் கத்திட்டான்பா. செட்டு ரெடி. சாமிய எழுப்புங்க."

என் வீட்டுக்காரன் என்னை விட்டுப் போன பிறகு, குச்சு வேலை இல்லாத நாட்களில் நானும் அண்ணனோடு போக ஆரம்பித்தேன். தெருவின் ஒரு முனையில் ஆம்ப்ளிஃபையரோடு அவர் உட்கார்ந்திருப்பார். மரத்திலும் கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டே போயிருப்போம். கடைசிக் குழாய்க்குக் கீழே நான் நிற்பேன். உங்கள் பாட்டில் முதல் வரி முடிந்து இரண்டாவது வரி தொடங்குவதற்குள் உங்கள் தொண்டையில் ஏதோ இடறும். இருமல் இல்லை. மூச்சை இழுக்கும்போது எச்சில் மாட்டிக்கொண்டது போல ஒரு சின்ன இடறல். உங்களுக்கே அது தெரியுமோ என்னவோ. அந்த இடறல் கடைசிக் குழாயில் சுத்தமாகக் கேட்டால் செட் சரி என்று அர்த்தம். நான் வலது கையைத் தூக்குவேன். அங்கேயிருந்து அண்ணனும் கையைத் தூக்குவார். கேட்கவில்லை என்றால் நான் கையை ஆட்டுவேன், அவர் எதையாவது திருகுவார், மறுபடி ஓடவிடுவார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பேச்சே பெரும்பாலும் இதுதான்.

எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க முடியாத தெருக்கள் இந்த ஊரில் இருந்தன. அங்கேயும் எங்கள் குழாய் போய் உயரத்தில் தொங்கியது. அண்ணனுக்கு அதில் பெருமை உண்டு, வெளியே சொல்ல மாட்டார். ஆனால் அந்தப் பெருமையோடு இன்னொன்றும் சேர்ந்தே வந்தது. எது கெட்டாலும் மைக் செட்காரன்தான். கரண்ட் ஏறி இறங்கினால் அவர். பேசுகிறவர் மைக்கைத் தொப்புளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சத்தம் வரவில்லை என்று அண்ணனை முறைப்பார். மைக்கை வாய்க்குள் விட்டுக்கொள்கிற ஆளும் அண்ணனைத்தான் முறைப்பார். ஒரு கல்யாணத்தில் மழை வந்ததற்குக்கூட அவரைத் திட்டினார்கள். பந்தல்காரன் தப்பித்துவிட்டான், பக்கத்தில் நின்ற அண்ணன் மாட்டிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டி, சரி பண்ணிவிடுகிறேன் என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டுவேன். உன் மேல் தப்பு இல்லாதபோது எதற்குத் தலையாட்டுகிறாய் என்று கேட்பேன். ஒருநாள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"சத்தம் கெட்டா மொதல்ல நம்ம ஒயர பாக்கணும்மா. அப்புறம் நம்ம காத பாக்கணும். அதுக்கப்புறந்தான் மத்தவன சொல்லணும்."

இதை அவர் வேதவாக்கு மாதிரி வைத்திருந்தார். சொல்லப்போனால் மூன்றாவதுக்கு அவர் வந்ததே இல்லை. ஒயரிலும் காதிலும் நின்றுவிடுவார். இந்த ஊரில் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை.

போன ஆடியில் நெசவுக்காரத் தெரு ஒன்றில் கூழ் ஊற்றுகிற விழா. பூசாரி மைக்கை எடுத்துக்கொண்டு குழாய்க்கு நேராகப் போய்விட்டார். மைக் விசில் அடித்தது. காதைக் கிழிக்கிற விசில். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. அண்ணன் ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், கையை நீட்டவே இல்லை. யாரோ ஒருவர் ஓடிவந்து அவர் தோளைத் தட்டினார்.

"இன்னா செட்டுப்பா இது? காது இருக்குதா இல்லியா உனக்கு?"

அண்ணன் சட்டென்று குறைத்தார். வழக்கம்போல மன்னிப்புக் கேட்டார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் சாப்பிடவில்லை. கொஞ்ச நாளாகவே காதுக்குள் சில்வண்டு மாதிரி ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கிறது என்று அப்போதுதான் என்னிடம் சொன்னார்.

காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, பீப் பீப் என்று சத்தம் விட்டுப் பார்த்தார்கள். குழாய் பக்கத்திலேயே ஆயுசு முழுக்க உட்கார்ந்ததால் கீச்சென்ற சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை, தொழிலைப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எனக்கு நிம்மதி. அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. பீப் பீப்பை வைத்து என்ன தெரியும் என்றார்.

அண்ணி உயிரோடு இல்லை. ஒரே மகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். பேர் தெரியாத அந்தக் கேசட் உங்களுடையது என்று போனில் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான். உங்கள் படத்தை அவள் முதல்முறை காட்டியபோது அண்ணன் வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு ஒல்லியான ஆளா என்று மட்டும் கேட்டார். நீங்கள் சென்னைக்கு வருகிறீர்கள், இதற்குப் பிறகு உலகத்தில் எங்கேயும் சுற்றப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள் என்பதும் அவள் சொன்னதுதான். இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அன்றைக்கு ஷிப்ட்.

அப்போதுதான் அண்ணன் அந்த முடிவைச் சொன்னார். உங்கள் பாட்டைப் போய்க் கேட்கப் போகிறார். சரியாகக் கேட்டால் செட்டை வைத்துக்கொள்வார். கேட்கவில்லை என்றால் விற்றுவிடுவார்.

அதற்கு எதற்குச் சென்னை வரைக்கும், இங்கேயே கேசட்டைப் போட்டுக் கேள் என்றேன். பைத்தியமா உனக்கு என்றும் சொன்னேன்.

"கேசட்டுல கேட்டா தெரியாதும்மா. அந்தப் பாட்டு எனக்கு மயிரிழை மயிரிழையா மனப்பாடம். காதுல விழுதா, ஞாபகத்துல இருந்து வருதான்னு எனக்கே புரியல. நேர்ல, அந்த ஆள் வாயப் பாத்துக்கினே கேக்கணும். வாயும் சத்தமும் ஒட்டுச்சின்னா என் காது நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

இதை நீங்கள் இன்னொரு முறை படியுங்கள். அவர் உங்களைப் பார்க்க வந்தது பொழுதுபோக்குக்கு இல்லை. உங்கள் வாயை நம்பித் தன் காதைச் சோதிக்க வந்தார்.

சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்தார். மைதானத்தில் எல்லாரும் கறுப்புப் பனியன். வாசலில் வரிசையில் நின்றபோது முன்னால் இருந்த ஒரு பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"அங்கிள், கட்சி மீட்டிங் நாளைக்கு."

"அதுக்கும் நான்தாம்பா மைக் செட்டு" என்றார் அண்ணன். அந்தக் கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒன்றுதான், அதனால் எழுதி வைக்கிறேன்.

உள்ளே போனதும் மேடையைப் பார்க்கவில்லை, மேலே தொங்கிய பாக்ஸ்களைத்தான் பார்த்தார். இவ்வளவு பெரிய செட்டுக்கு ஒரு ஒயர்கூடத் தரையில் தெரியவில்லை என்று ஆச்சரியப்பட்டார். கட்டியவன் கெட்டிக்காரன் என்றார். வெயில் இன்னும் இறங்கவில்லை. நாங்கள் பின்னால், ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றோம். மேடைக்கு இரண்டு பக்கமும் சினிமாத் திரை மாதிரி பெரிய திரை. உங்கள் முகம் வீடு உயரத்துக்கு அதில் வந்தது.

நீங்கள் முதலில் எடுத்ததே அந்தப் பாட்டுதான். டிரம் தொடங்கியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கிடார் சேர்ந்தது. தரைக்கு அடியில் தட்டுகிற கிடார் சேர்ந்தது, கால் வழியாக ஏறி நெஞ்சில் வந்து நின்றது. அண்ணன் மெதுவாகத் தலையை ஆட்டினார். எல்லாம் கேட்கிறது என்று அர்த்தம். நீங்கள் தொடங்கினீர்கள். முதல் வரி. அப்புறம் அந்த இடறல்.

என் வலது கை தானாக மேலே போனது. எத்தனை வருஷப் பழக்கம். அண்ணன் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார், தன் கையையும் தூக்கினார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை அண்ணி போன பிறகு நான் பார்த்ததில்லை.

"அதே எடம்மா. இன்னும் அதே எடத்துல இடறுது பாரு."

அவருக்கு அது சந்தோஷம். நான் தூக்கிய கையை இறக்கினேன். ஒரு மனிதனுக்கு வாலிபத்தில் ஒருநாள் எச்சில் இடறிய இடத்தில் கிழவனான பிறகும் அச்சுப் பிசகாமல் இடறுமா? நான் அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் திரையைப் பார்த்துவிட்டார். உங்கள் வாயைப் பார்த்துவிட்டார்.

வாயும் சத்தமும் ஒட்டவில்லை.

அண்ணன் பதறவில்லை. தூரத்தில் நின்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு விளக்கினார். தென்னேரியில் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வாணம் விட்டால் முதலில் வெளிச்சம்தானே தெரியும், வெடிச் சத்தம் அப்புறம்தானே வரும், அது மாதிரி என்றார். முன்னால் போவோம் என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். கறுப்புப் பனியன்களுக்கு நடுவில் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வழி விடுங்கப்பா, வழி விடுங்கம்மா என்று கெஞ்சிக்கொண்டே போனார். ஆயா எங்கே போகிறது பார் என்று ஒருவன் என்னைக் காட்டிச் சொன்னான். அவனுக்கு என் வயதுதான் இருக்கும், முடிக்கு மை அடித்திருந்தான். வேறு நாளாக இருந்தால் நின்று பதில் சொல்லியிருப்பேன்.

மேடைக்கு முன்னால் கட்டியிருந்த இரும்புத் தடுப்பு வரைக்கும் போய்விட்டோம். திரை வேண்டாம், நீங்களே தெரிந்தீர்கள். கழுத்துச் சுருக்கம் தெரிந்தது. அங்கே நின்று அண்ணன் உங்கள் வாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சத்தம் முதலில் வந்தது. வாய் பின்னால் வந்தது.

பின்னால் நின்றபோது ஒட்டவில்லை என்று மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் போன பிறகுதான் எது முந்துகிறது என்பது தெரிந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு சொடக்குப் போடுகிற நேரம்கூட இல்லை. சுற்றி நின்றவர்கள் கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதைப் பார்ப்பதற்காகவே வந்த ஒருவர் அங்கே இருந்தார். அவர் முகத்தில் இருந்து ஒவ்வொன்றாக எல்லாம் வடிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு காதைப் பொத்தினார், திறந்தார். அடுத்த காதைப் பொத்தினார், திறந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் மகளுக்குக் காட்டுவதற்காக என் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் நீங்கள் அதைச் செய்தீர்கள். யாரோ ஒரு துண்டை நீட்டினார்கள். நீங்கள் மைக்கை இடுப்புக்கு இறக்கிவிட்டு, குனிந்து, துண்டை வாங்கி, முகத்தைத் துடைத்தீர்கள். வாய் மூடியிருந்தது. உங்கள் குரல் பாடிக்கொண்டே இருந்தது. ஒரு வரி முழுக்கப் பாடியது.

"ணா, பாருணா, அந்த ஆள பாருணா" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கண்ணைத் திறந்து நிமிர்வதற்குள் மைக் உங்கள் வாய்க்குத் திரும்பிவிட்டது.

பாட்டு முடிந்ததும், போகலாம் என்றார். அவ்வளவுதான். நாங்கள் வெளியே வரும்போது வாசலில் ஆட்கள் இன்னும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பாட்டுக்குப் போய்விட்டு வந்தோம்.

காஞ்சிபுரம் வருகிற பேருந்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இடறலைச் சொன்னேன். துண்டைச் சொன்னேன். போனில் ஓடவிட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். போனில் எடுத்தால் படமும் சத்தமும் விலகித்தான் போகும், எத்தனை கல்யாண வீடியோவில் பார்த்திருக்கிறோம் என்றார். நேரில் பார்த்தது என்ன ஆயிற்று, சத்தம் முந்தி வந்ததை நீயேதானே பார்த்தாய் என்று கேட்டேன்.

"அதாம்மா. சத்தம் பிந்தலாம். முந்தாது. முந்தற மாதிரி ஒருத்தனுக்குத் தெரிஞ்சிதுன்னா கோளாறு இங்க." காதைத் தொட்டுக் காட்டினார். "அவ்ளோ ஜனம் நின்னுக்கினு இருக்குது. ஒருத்தருக்குமா தெரியாது? அந்த மனுசன் எதுக்கும்மா அப்படிப் பண்ணப் போறாரு?"

ஒயரைப் பார்த்தார். காதைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் குட்டி யானை வண்டியோடு வந்து செட்டை வாங்கிக்கொண்டு போனார். குழாய்களை நானும்தான் தூக்கிக் கொடுத்தேன். வாங்க வந்தவர், ஒருமுறை போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டார். நீயே போட்டுக் கேட்டுக்கொள்ளப்பா என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குள் போய்விட்டார். அந்த ஆள் ஒரு பிள்ளையார் பாட்டைப் போட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்.

இப்போது அண்ணன் ஒரு பட்டுக் கடை வாசலில் கார்களுக்கு விசில் ஊதி இடம் காட்டுகிறார். அது கௌரவக் குறைச்சல் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தாங்காதது வேறு. சர்ச்சில் அவர் கனமான குரலில் பாடுவார். முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது பாடுவதில்லை. தாளம் தப்பி மற்றவர்களைக் கெடுத்துவிடுவேன் என்கிறார். பக்கத்தில் நிற்கிறவர்களின் உதட்டைப் பார்த்து, அது அசைந்த பிறகு தன் உதட்டை அசைக்கிறார். சத்தம் வராது. பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகு அவர் வாய் மூடுகிறது. நீங்கள் செய்ததைத்தான் அவரும் செய்கிறார். ஒரே வித்தியாசம், அவர் வெட்கப்படுகிறார்.

அவர் மகள் இணையத்தில் உங்கள் பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினாள். என் அப்பா இப்படி வந்தார், இப்படி ஆனது, அன்றைக்கு நீங்கள் பாடினீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். பதில் வந்தது. ஒரு சிவப்பு இதயமும் கூப்பிய இரண்டு கைகளும், நன்றி சென்னை என்ற வார்த்தையும். மறுபடி கேட்டாள். அவள் எழுதியதே காணாமல் போய்விட்டது.

சில சமயம் எனக்கு ஒரு எண்ணம் வரும். அண்ணனுக்குத் தெரியுமோ என்று. அந்த இடறலைக் கேட்ட நிமிஷமே தெரிந்திருக்குமோ என்று. குழாயோடு வாழ்ந்த மனிதர், டேப்புக்கும் தொண்டைக்கும் வித்தியாசம் தெரியாதவரா? உங்களை விட்டுக்கொடுப்பதைவிடத் தன் காதை விட்டுக்கொடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்ததோ என்று நினைப்பேன். கேட்டதில்லை. கேட்டால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

வயதாகித் தொண்டை போவதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் ஏதாவது போகிறது. இந்தப் பாட்டை இப்போது என்னால் பாட முடியவில்லை, பழையதை ஓடவிடுகிறேன், நீங்களே பாடுங்கள் என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அண்ணன் அழுதிருப்பார், கை தட்டியிருப்பார், காது நன்றாக இருக்கிறது என்ற தெம்போடு ஊருக்கு வந்து ஆடிக்குச் செட் கட்டியிருப்பார். நீங்கள் போன தொண்டையைப் போகவில்லை என்று காட்டினீர்கள். அவர் போகாத காதைப் போய்விட்டது என்று ஒத்துக்கொண்டார்.

நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். டாக்டர் சொன்னாலும் நம்ப மாட்டார். நீங்கள் சொன்னால் நம்புவார். அதனால் இதை அவர் மகள் உங்கள் மொழியில் மாற்றித் தருகிறாள், நீங்கள் அழிக்க முடியாத இடங்களில் எல்லாம் போடச் சொல்லப் போகிறேன். எனக்குத் தனியாக எழுத வேண்டாம். இதயம் வேண்டாம். கும்பிடு வேண்டாம். டிக்கெட் காசைத் திருப்பித் தருகிறோம் என்று யாரையும் அனுப்ப வேண்டாம்.

அன்றைக்குச் சென்னையில் அந்தப் பாட்டைப் பாடியது நீங்களா, டேப்பா? எத்தனை பேர் முன்னால் வாயை அசைத்தீர்களோ அத்தனை பேர் காதிலும் விழும்படி, மைக்கைப் பிடித்து, உங்கள் சொந்தக் குரலில் பதில் சொல்லுங்கள்.